92 போடுவதா, 95 போடுவதா? மலையேறும் காருக்கு ஒக்டேன் எண்: ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் ஹயர் ஓடும் என் சித்தப்பா மகன் ஜப்பான் வேகன் ஆர் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். எடுத்த நாளிலிருந்து ஒக்டேன் 95 பெற்றோல்தான் அடித்தார். "அண்ணே, விலை கூடுனது நல்லதாத்தானே இருக்கும்? ஏத்தத்துல ஓடுற வண்டி, எஞ்சின் போயிட்டா நான் எங்க போறது?" என்று கேட்டார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவருடைய எஞ்சினுக்கு 95 தேவையே இல்லை. தவணை கட்டவே திணறும் ஒருவர் இரண்டு வருடமாக ஒவ்வொரு லீற்றருக்கும் கூடுதலாகக் கொடுத்த காசு அவருக்கு எந்தப் பலனும் தரவில்லை. மறுபக்கம், 95 கேட்கும் ஐரோப்பியக் காருக்குச் சிக்கனம் என்று 92 போட்டு, "ஏத்தத்துல இழுவையே இல்ல" என்று கராஜ் கராஜாக அலைபவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது

முதலில் ஒரு எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். ஒக்டேன் எண் பெற்றோலின் சக்தியை அளக்கும் எண் அல்ல, தரத்தையோ சுத்தத்தையோ அளக்கும் எண்ணும் அல்ல. 92லும் 95லும் ஒரு லீற்றருக்குள் இருக்கும் வெப்பச் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான். அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெற்றோல் எவ்வளவு தூரம் பொறுமையாக இருக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

சிலிண்டருக்குள் நடப்பதைப் பார்ப்போம். காற்றும் பெற்றோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே ஏறி நெருக்குகிறது. சரியான நொடியில் பிளக் பொறி விடுகிறது. பொறியிலிருந்து கிளம்பும் தீ, புல்வெளியில் பரவும் தீயைப் போல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது. இதெல்லாம் நொடியில் மிகச் சிறிய பகுதிக்குள் நடந்து முடிகிறது. தீ வந்து சேராத மூலையில் இன்னும் எரியாத கலவை மிச்சம் இருக்கும். எரிந்த பகுதி விரிந்து அதை மேலும் நெருக்க, அதன் சூடு ஏறுகிறது. தாங்க முடியாத கட்டத்தில் தீ வருவதற்கு முன்பே அது தானாகப் படாரென்று பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதும் ஓசையைத்தான் கராஜ் பாஸ்மார் "நொக் அடிக்குது" என்கிறார்கள். எப்போதாவது ஓரிரு தட்டல் கேட்டால் பயப்பட வேண்டாம். ஏற்றம் முழுக்க பலமாக அடித்துக்கொண்டே போனால் பிஸ்டனின் தலையும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பும், ஹெட் கெஸ்கெட்டும் பழுதாகும்.

எண் வந்த விதமும் எளிதுதான். ஐசோ ஒக்டேன் என்ற திரவம் நொக்கை நன்றாகத் தாங்கும், அதற்கு 100 என்று வைத்தார்கள். ஹெப்டேன் தாங்கவே தாங்காது, அதற்கு 0. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சினில் ஒரு பெற்றோலை ஓட்டும்போது, 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலவே அது நடந்துகொண்டால் அதன் எண் 92. நாம் வாங்கும் பெற்றோலில் 92 வீதம் ஒக்டேன் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

ஒரு காலத்தில் இந்த எண்ணை ஏற்றுவதற்கு ஈயம் கலந்தார்கள். 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி அது. மலிவானது, ஆனால் புகையோடு ஈயமும் வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்தான். இன்று சுத்திகரிக்கும் முறையினாலும் ஈயமில்லாத வேறு சேர்க்கைகளினாலும் எண்ணை ஏற்றுகிறார்கள்.

பெற்றோல் செட்டில் 95க்குப் பக்கத்தில் "யூரோ 4" என்று பார்த்திருப்பீர்கள். அது வேறு கணக்கு. பெற்றோலில் கந்தகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான எல்லை அது, பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் போகக்கூடாது. கந்தகம் குறைந்தால் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கெற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்கு நல்லது. அதற்கும் நொக்குக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் வேலை: வண்டி கேட்கும் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

நண்பரிடமோ செட்டில் பெற்றோல் அடிக்கும் தம்பியிடமோ கேட்க வேண்டாம். பெற்றோல் மூடியின் வெளிக்கதவைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இல்லாவிட்டால் வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தைப் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து இறங்கிய வண்டிகளில் ஸ்டிக்கர் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கும் செயலியில் போட்டால் போதும். "ரெகுலர்" என்று வந்தால் சாதாரணப் பெற்றோல். "பிரீமியம்" அல்லது "ஹை ஒக்டேன்" என்று வந்தால் உயர்ந்த ரகம். ஜப்பானில் ரெகுலர் என்று விற்கும் பெற்றோலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண் 89, பிரீமியத்துக்கு 96. நம் ஊரில் குறைந்த ரகமே 92. ஆகவே ரெகுலர் என்று எழுதிய ஜப்பான் வண்டிக்கு 92 போடும்போது, அது கேட்டதைவிட ஏற்கெனவே கூடுதலாகத்தான் கொடுக்கிறீர்கள். வேகன் ஆர், விட்ஸ், எக்சியோ, அக்குவா என்று மலையகத்தில் ஓடும் ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம்தான்.

"அக்குவா ஹைபிரிட்டாச்சே, அதுக்கு 95 வேணாமா?" என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதன் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற கணக்கு, 13.4, கேட்டால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அதன் வால்வு தாமதமாக மூடுவதால் உள்ளே இழுத்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியே போய்விடுகிறது, பிஸ்டன் உண்மையில் நெருக்குவது மிச்சத்தை மட்டும்தான். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) வண்டி என்றாலே 95 என்பதும் பொது விதி அல்ல. ஜப்பானின் 660 சிசி சின்ன டர்போக்கள் ரெகுலருக்கே செய்யப்பட்டவை. எஞ்சினின் வகையைப் பார்த்து ஊகிப்பதைவிட ஸ்டிக்கரைப் படிப்பது மேல்.

ஐரோப்பிய வண்டி என்றால் நிலைமை தலைகீழ். ஐரோப்பாவில் சாதாரணப் பெற்றோலின் எண்ணே 95. பிஎம்டபிள்யூ, ஔடி, பெஜோ, வொக்ஸ்வேகன் எதுவானாலும் 95 என்று எழுதியிருந்தால் 95தான் போட வேண்டும். ஸ்டிக்கரில் "குறைந்தபட்சம்" என்ற சொல்லும் "பரிந்துரை" என்ற சொல்லும் வரும், கவனித்துப் படியுங்கள். குறைந்தபட்சம் 95 என்றால் அதற்குக் கீழே போகக்கூடாது. பரிந்துரை 95, குறைந்தபட்சம் 91 என்றால் 92இல் ஓடும், கொஞ்சம் இழுவை குறையும், அவ்வளவுதான்.

ஒரே எண், இரண்டு அளவுகோல்

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் கையேடு அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் அதில் 87 அல்லது 91 என்று இருக்கும். அந்த எண் நம்முடையது அல்ல. நம் செட்டில் எழுதியிருப்பது ரோன் என்ற அளவு, மென்மையான சூழலில் எஞ்சினை மெதுவாக ஓட்டி எடுத்தது. மோன் என்பது இன்னொரு அளவு, கூடுதல் வேகத்திலும் கூடுதல் சூட்டிலும் எடுத்தது, அதில் அதே பெற்றோலுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 வரை குறைவான எண் வரும். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள்.

ஆகவே அமெரிக்காவின் 87 நம்முடைய 91, 92க்குச் சமம். அமெரிக்காவின் 91 நம்முடைய 95, 96க்குச் சமம். "கையேட்டுல 91னு இருக்கு, நாம 92 போடுறோம், கூடத்தானே?" என்று நினைத்து, 95 கேட்கும் வண்டிக்கு வருடக்கணக்கில் 92 போட்டவரை எனக்குத் தெரியும். கையேட்டின் முதல் பக்கத்தில் எந்த நாட்டுக்கான பதிப்பு என்று பாருங்கள்.

மலை என்ன செய்கிறது

சமவெளிக்காரருக்கு எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் இதைச் சொல்வதில்லை. நமக்கோ இதுதான் முக்கியம்.

உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றைத்தான் மூச்சிழுக்கிறது. சிலிண்டருக்குள் நெருக்குவதற்குப் பொருள் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. குளிரும் சேர்ந்தால் நொக் அடிக்கும் வாய்ப்பு இன்னும் குறையும். அதாவது நுவரெலியா டவுனுக்குள் ஓடும் கார், கொழும்பில் ஓடும் அதே காரைவிடக் குறைந்த ஒக்டேனில் திருப்தியாகும். அமெரிக்காவில் ரொக்கி மலைப் பக்கத்து மாநிலங்களில் 85 என்ற குறைந்த ரகத்தை இன்றும் விற்பது இந்தக் காரணத்தால்தான். கார்புரேட்டர் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. இன்றைய கார்களுக்குப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் அதைச் சம்மதிப்பதில்லை.

டர்போ வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. காற்று ஐதானால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று குறையை நிரப்பிவிடும், உள்ளே அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும்.

சரி, உயரத்தில் நொக் குறையும் என்றால் மலையில்தானே நொக் அதிகம் கேட்கிறது? கேட்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். உச்சியில் கேட்காது, அடிவாரத்திலிருந்து கிளம்பும் ஏற்றத்தில்தான் கேட்கும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது, மஹியங்கனையிலிருந்து பதினெட்டு வளைவில் ஏறும்போது, வெல்லவாயவிலிருந்து பெரகல பக்கம் ஏறும்போது. அங்கே காற்று இன்னும் அடர்த்தி, வெயில் கடுமை, ஏற்றம் செங்குத்து, வண்டியில் ஐந்து பேரும் மூட்டையும். எஞ்சின் மெதுவாகச் சுழல, கால் எக்சலேட்டரை முழுக்க மிதிக்கிறது. நொக்குக்குப் பிடித்த எல்லாமே ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன. ஹட்டனைத் தாண்டி, நானுஓயா நெருங்கும்போது அதே கார் அமைதியாகிவிடும்.

எனவே வீடு இருக்கும் உயரத்தைப் பார்த்து ஒக்டேனைக் குறைக்க நினைக்காதீர்கள். போகும் பாதையில் மிகவும் சூடான, மிகவும் செங்குத்தான துண்டு எதுவோ அதற்கு ஏற்றபடி டாங்கில் பெற்றோல் இருக்க வேண்டும். திருகோணமலைக்கோ கொழும்புக்கோ இறங்கப் போகிறீர்கள் என்றால் மலைச் சலுகை வழியிலேயே முடிந்துவிடும்.

காது கொடுத்துக் கேளுங்கள்

சோதனைக்கு நல்ல இடம், ஒரு பக்கம் வெட்டிய பாறையோ மண்சுவரோ உள்ள ஏற்றம். ஓசை சுவரில் மோதித் திரும்பி வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஏசியை நிறுத்தி, சுவர்ப் பக்கத்துக் கண்ணாடியை இறக்குங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மூன்றாம் கியரில் வேகம் கொஞ்சம் விழுந்த நிலையில் எக்சலேட்டரைக் கூடுதலாக மிதியுங்கள்.

தகரப் பேணியில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் "கிணிகிணி" என்று கேட்டு, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது நொக். வண்டி நிற்கும்போதும் "டிக் டிக்" என்று கேட்டால் அது வால்வைத் தட்டும் பாகத்தின் (டெப்பட்) சத்தம், பெற்றோலோடு சம்பந்தமில்லை. சைலன்சர் பக்கத்துத் தகரம் தளர்ந்திருந்தாலும் இதே போல் கிலுகிலுக்கும். இந்தத் தகரத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் 95 அடித்தவர்களும் இருக்கிறார்கள், அடியில் குனிந்து கையால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், எஞ்சின் ஆறின பிறகு.

புதிய கார்களில் நொக் காதுக்கே வராமல் போகலாம். எஞ்சின் புளொக்கில் பூட்டிய நொக் சென்சர் அதிர்வைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லும், கணினி பொறி விடும் நேரத்தைத் தள்ளிப் போடும். எஞ்சின் தப்பிக்கிறது, ஆனால் இழுவை குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும். 95 கேட்கும் வண்டிக்கு 92 போட்டால் நடப்பது இதுதான். எதுவும் உடனே உடையாததால் "92 போட்டா ஒண்ணும் ஆகல" என்று தோன்றும், மிச்சம் பிடித்ததாக நினைக்கும் காசு கூடுதல் செலவில் போய்க்கொண்டிருக்கும்.

நொக் கேட்டால் எதை முதலில் பார்ப்பது

முதலில் கியரைக் குறையுங்கள். செலவே இல்லாத மருந்து இது. மூன்றில் திணறும் வண்டியை இரண்டில் போட்டால் எஞ்சின் வேகமாகச் சுழலும், எரியாத கலவைக்குத் தானாகப் பற்றும் அளவு நேரம் கிடைக்காது. சிக்கனம் என்று நினைத்துப் பெரிய கியரிலேயே தள்ளி ஏற்றும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய, எஞ்சினை அது வதைக்கிறது. ஓட்டோமெற்றிக் வண்டியில் "எல்" அல்லது "எஸ்" நிலைக்கு மாற்றுங்கள்.

கியர் குறைத்தும் நிற்காவிட்டால், கூலன்ட் குறைந்திருக்கிறதா, ரேடியேற்றர் அடைத்திருக்கிறதா, தேர்மோஸ்டற் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். மலையகத்தில் தேர்மோஸ்டற்றைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது தீர்வல்ல, எஞ்சின் சூடேறாமல் ஓடிக் கரியைத்தான் சேர்க்கும். கரிதான் அடுத்த சந்தேகம். டவுனுக்குள்ளேயே குறுந்தூரம் ஓடிய வண்டியில் பிஸ்டன் தலையிலும் வால்விலும் கரி படியும். படிந்த கரி இடத்தை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், தணல் போலச் சூட்டையும் பிடித்து வைக்கும். 92இல் வருடக்கணக்கில் அமைதியாக ஓடிய கார் திடீரென்று நொக் அடிக்கத் தொடங்கினால் 95க்கு ஓடுவதற்கு முன் கரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் மாற்றும்போது பாஸ் கையில் கிடைத்ததைப் போடவிடாமல் கையேட்டில் உள்ள அதே இலக்கப் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள், வெப்ப அளவு மாறிய பிளக்கும் நொக்கை வரவழைக்கும்.

பழைய மொரிஸ் மைனர் போன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் எஞ்சினின் அழுத்தம் குறைவு, 92 தாராளம். நொக் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, பொறி விடும் நேரத்தை (டைமிங்) சரியாக வைத்தாலே சரியாகும். உங்கள் கவலை வால்வு உட்காரும் இடம் தேய்வது. ஈயம் முன்பு அதைக் காத்தது, ஈயம் போன பிறகு கெட்டியான வால்வு சீற் போடுவதுதான் வழி. 95 அதற்கு உதவாது.

பெற்றோலே கெட்டிருந்தால்

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நாள்கணக்கில் நின்ற காலத்தை யாரும் மறக்கவில்லை. அப்போது ஒரு மரண வீட்டுக்கு அவசரமாகப் போக, வீதியோரத்தில் கேனில் விற்ற பெற்றோலை வாங்கிப் போட்டேன். றம்பொடை ஏற்றத்தில் கார் பேணியைக் குலுக்கியதுபோல் அடித்தது. மண்ணெண்ணெய் கலந்திருந்தார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் தாழ்வு, கொஞ்சம் கலந்தாலே எண்ணை இழுத்து விழுத்திவிடும். அன்று காரில் இருந்த என் அம்மாவின் முகம் இப்போதும் ஞாபகம், மெதுவாக, இரண்டாம் கியரிலேயே போய்ச் சேர்ந்தோம்.

சந்தேகம் வந்தால் வெள்ளை வடிதாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நல்ல பெற்றோல் இரண்டு நிமிடத்துக்குள் தடமே இல்லாமல் ஆவியாகும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். திறந்த வெளியில், அடுப்பும் சிகரட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். கேனில் மாதக்கணக்கில் வைத்த பெற்றோலையும் நம்ப வேண்டாம், லேசான பகுதி ஆவியாகிக் கழிவு போல ஆகியிருக்கும்.

ஒக்டேன் கூட்டும் மருந்துப் போத்தல்களை நான் பரிந்துரைக்கமாட்டேன். "3 புள்ளி கூட்டும்" என்று எழுதியிருந்தால், ஒரு புள்ளியை ஒக்டேன் எண்ணில் பத்தில் ஒன்றாகக் கணக்கிடும் வழக்கம் உண்டு. 92 என்பது 92.3 ஆகும், அவ்வளவுதான். அந்தக் காசுக்கு 95 வாங்கிக் கலப்பது மேல். இரண்டையும் கலப்பதில் எந்த ஆபத்தும் இல்லை, பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 93.5 கிடைக்கும்.

95 உங்களுக்கு உதவுகிறதா: நீங்களே அளந்து பாருங்கள்

"பரிந்துரை 95" என்று எழுதிய வண்டிக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. ரெகுலர் வண்டிக்காரர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

டாங்க் கால்வாசிக்குக் கீழே வந்ததும் 95ஐ நிறைய அடியுங்கள். இந்த முதல் டாங்கை அளக்க வேண்டாம், மிச்சம் இருந்த 92 கலந்திருக்கும், கணினியும் புதிய பெற்றோலுக்குப் பழக வேண்டும். இரண்டாம் டாங்கிலிருந்து, ஒரே செட்டில், குழாய் தானாக நிற்கும் வரை அடித்து, ஓடிய கிலோமீற்றரை லீற்றரால் வகுத்துக் கொப்பியில் எழுதுங்கள். இரண்டு டாங்க் 95, பிறகு இதே மாதிரி இரண்டு டாங்க் 92. பாதை ஒன்றாக இருக்க வேண்டும், ஹட்டன் கொழும்பு ஓட்டத்தையும் பொகவந்தலாவை ஓட்டத்தையும் ஒப்பிட்டால் கணக்கு பொய்க்கும்.

விலை மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய விலையை வைத்துப் பாருங்கள். 95இன் விலை 92ஐவிடப் பத்து வீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். 92இல் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் 95இல் 16.5 ஓட வேண்டும், அப்போதுதான் செலவு சமம். அதற்குக் குறைந்தால், இழுவைக்காக மட்டும் காசு கொடுக்கிறீர்கள். நிறைய ஆட்களோடு ஏற்றம் ஏறுபவருக்கு அதுவும் நியாயமான காரணம்தான்.

பெற்றோல் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி இறக்கத்தில் இருக்கிறது. நியூட்ரலில் உருட்டாதீர்கள். இஞ்செக்‌ஷன் வண்டி கியரில் இறங்கும்போது பெற்றோலை முழுக்கவே நிறுத்திவிடும், நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும், நம் வீதிகளில் அதன் முடிவு என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

மாறி அடித்துவிட்டால்

95 கேட்கும் வண்டிக்கு 92 அடித்துவிட்டால் டாங்கை இறக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் கியரைக் குறைத்து, காலை மெதுவாக வைத்து ஓட்டுங்கள், பாரம் ஏற்ற வேண்டாம். பாதி தீர்ந்ததும் 95ஐ நிரப்புங்கள். டர்போ வண்டி என்றால் அன்றைக்குப் பெரிய ஏற்றத்தைத் தவிர்ப்பது நல்லது. ரெகுலர் வண்டிக்கு 95 அடித்துவிட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த முறை 92 போடுங்கள். டீசல் அடித்துவிட்டால் மட்டும் சாவியைத் திருப்பவே வேண்டாம், செட்டிலிருந்து கையால் தள்ளி ஓரமாக நிறுத்தி டாங்கை முழுக்க இறக்கச் சொல்லுங்கள்.